பசியும் பயமும்

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு காலை. குருசுக்குப்பத்தில் எம் வீட்டு வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்த அம்மாள் எம்மை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத்தான் சார் உடம்பு தேறி, மூஞ்சி பாக்க நல்லா இருக்கு. நடுவுல காத்தடிச்சா விழுந்துடுவீங்க போல இருந்தீங்க" என்றார்.

உடம்பு தேறியிருக்கிறது என்பது நம் மக்கள் மனமாரச் சொல்லும் வாழ்த்து. நோய் தீர்ந்தவரிடமும் பிள்ளை பெற்றவளிடமும் வெளியூரிலிருந்து திரும்பிய மகனிடமும் சொல்லும் சொல் அது. அந்த எளிய மனுஷி அன்பால்தான் சொன்னார். எம் செவியிலோ அது ஒரு தீர்ப்பைப் போல விழுந்தது. வாங்கிய சங்கரா மீனை அடுக்களையில் வைத்துவிட்டு, உள்ளறைக்குச் சென்று கதவைத் தாழிட்டு, எடைக் கருவியின்மேல் ஏறி நின்றோம். அன்று காலையில் அது நான்காம் முறை. 90 கிலோ காட்டியது. ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பு அதே கருவி 84 காட்டியிருந்தது. அன்று பகல் எம் துணைவியார் ஆக்கிய மீன் குழம்பை நாம் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று பொய் சொன்னோம். வயிறு பசியால் கத்திக்கொண்டிருந்தது.

வாசகர்களுக்கு இதன் பின்னணியைச் சொல்லவேண்டும்.

குருசு என்பது போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்து சிலுவையைக் குறித்து நிற்கும் சொல் என்பதை நம்மவர் அறிவர். அச்சொல்லைப் பெயரில் தாங்கிய இக்கடலோரக் குப்பத்தில்தான் நாம் பிறந்து வளர்ந்தோம். வலை கரையேறும் வேளையில் மீன் வாசனையும், மாலை நான்கு மணிக்கு ரொட்டி சுடும் வாசனையும் கலந்து வளர்ந்த பிள்ளைப் பருவம் எமது. எம் அன்னைக்கு அன்பைச் சொல்லத் தெரிந்த மொழி ஒன்றே ஒன்று. "இன்னும் ஒரு வாய், தம்பி" என்பதே அது. வறுமையைக் கண்டு வளர்ந்தவர் அவர். தட்டில் மிச்சம் வைப்பதை அவர் பொறுக்கமாட்டார். கிறிஸ்துமஸ் வந்தால் விவிக்கம் கேக், உயிர்ப்புப் பெருவிழா என்றால் கறிக்குழம்பு, யாருடைய துக்கம் என்றாலும் இட்டிலிக் குண்டான். உண்பதும் உண்பிப்பதுமே எங்கள் உறவு.

நாற்பது வயதைக் கடந்தபோது நாம் பருமன் என்னும் எல்லையைத் தாண்டி நெடுந்தொலைவு போயிருந்தோம். பள்ளியில் தமிழாசிரியர் பணி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. உடல் நோய்களைக் காட்டிலும் எம்மை வருத்தியது வேறொன்று. சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழில் போசனப்பிரியமும் ஒன்று. நாம் அதனை எத்தனை முறை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருப்போமோ கணக்கில்லை. உணவைக் குறைத்தோம், எடை குறைந்தது, மீண்டும் ஏறியது. மறுபடியும் குறைத்தோம், மறுபடியும் ஏறியது. ஒவ்வொரு முறையும் எம் மன உறுதியின்மையே காரணம் என்று எம்மை நாமே இகழ்ந்துகொண்டோம்.

இத்துன்பம் எமக்கு மட்டும் உரியதன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, புதுச்சேரிப் பெண்களில் ஏறக்குறைய 46 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள். நமது கோவிலில் ஞாயிறு திருப்பலிக்கு வரும் தாய்மாரில் ஏறத்தாழப் பாதிப் பேர் என்று கொள்ளலாம். ஆயினும் இதனைப் பற்றி நாம் கேலியாகப் பேசுவோமேயன்றி நோயாகப் பேசுவதில்லை.

2019ஆம் ஆண்டு செப்டம்பரில், 131 கிலோ எடையுடன் சென்னையில் ஒரு மருத்துவமனையில் எமக்கு எடைக் குறைப்பு அறுவை நடந்தது. ஸ்லீவ் என்று அதனைச் சொல்லுகிறார்கள். ஸ்லீவ் என்றால் சட்டையின் கை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சியதைச் சட்டைக் கை போன்ற ஒடுங்கிய குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். முதல் நாள்களில் மருந்து ஊற்றிக் கொடுக்கும் சிறு கிண்ணத்தில் 30 மில்லிலிட்டர் நீரைச் சொட்டுச் சொட்டாகப் பருகினோம். பிறகு மோர், பருப்பு நீர், மசித்த உணவு, அதன் பின்னரே குழைந்த சோறு. உண்ணும்போது நீர் அருந்தலாகாது. ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று விழுங்கவேண்டும். புரதத்தை முதலில் உண்ணவேண்டும். பி12, இரும்பு, கால்சியம் முதலிய மாத்திரைகள் ஆயுள் முழுவதும் தொடரவேண்டும்.

முதல் ஓராண்டு எமக்கு அற்புதமாய்த் தோன்றியது. பசியே இல்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் ஊறுகிறது. அப்பகுதியையே அகற்றிவிடுவதால் அச்சுரப்பும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நான்கு இட்டிலியும் இரண்டு தோசையும் காலை உணவாக உண்ட நாம் அரை இட்டிலியில் எழுந்தோம். எம் அன்னை மட்டும் கண்ணீர் விட்டார். "எம் புள்ளைக்கு வயித்த அறுத்துட்டாங்களே" என்று வருவோர் போவோரிடம் சொல்லி மாய்ந்தார். நாமோ உள்ளூர மகிழ்ந்தோம். எம் பாவம் அறுத்து எறியப்பட்டுவிட்டது என்றே எண்ணினோம். 2021 பிப்ரவரியில் எடை 84 ஆயிற்று. 47 கிலோ குறைந்திருந்தது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார் மருத்துவர்.

அந்த ஆண்டின் நடுவில் பசி திரும்பியது.

ஒரு மாலை நான்கு மணி. தெருமுனையிலிருந்து ரொட்டி வாசனை வந்தது. வயிற்றின் அடியில் ஏதோ ஒன்று கண் விழித்ததைப் போல உணர்ந்தோம். பழைய பசி! இறந்துவிட்டான் என்று நம்பியிருந்த ஒருவன் வாசலில் வந்து நின்று பெயர் சொல்லி அழைத்தால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. இவ்வறுவைக்குப் பின் ஓராண்டு, ஈராண்டில் பசி ஓரளவு திரும்புவதும், மிகவும் குறைந்த எடையிலிருந்து சில கிலோ ஏறுவதும் பலருக்கும் நேர்வதே என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். ஆயினும் அது பிறருக்குச் சொன்னது என்றே நாம் நினைத்திருந்தோம்.

அன்றிலிருந்து பசியைவிட அதனைப் பற்றிய அச்சமே எம்மை ஆண்டது. எடைக் கருவியில் நாளொன்றுக்கு ஐந்து முறை ஏறினோம். நீர் பருகுமுன் ஒருமுறை, பருகியபின் ஒருமுறை. அரைக் கிலோ ஏறினால் அன்றைய உணவு இல்லை. பகலெல்லாம் வயிற்றைக் காயப்போட்டோம். இரவு பதினொரு மணிக்கு, வீடு உறங்கியபின், அடுக்களையில் நின்றபடியே பிஸ்கட்டும் முறுக்கும் தின்றோம். குறுகிய இரைப்பையில் சோறு இறங்காது. நொறுக்குத் தீனியோ நழுவி நழுவி இறங்கிவிடும். அதுவே எடையை ஏற்றியது. காலையில் கருவி அதனைச் சொன்னது. மீண்டும் பட்டினி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகவேண்டிய பரிசோதனைக்குப் போகாமல் விட்டோம். ஏறிய எடையோடு அம்மருத்துவர் முன் நிற்க வெட்கமாயிருந்தது. ஆதாம் மரங்களினிடையே ஒளிந்ததைப் போல நாம் ஒளிந்தோம். போகாததால் மாத்திரைகளும் தீர்ந்தன. திரும்ப வாங்கவில்லை.

மீன்கார அம்மாளின் வாழ்த்து வந்து விழுந்தது இந்நிலையில்தான்.

இனிச் சொல்லப்போவது சொல்லக் கூசுவது. 2023 பிப்ரவரி 22ஆம் நாள் திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்கியது. திருச்சபை ஒருசந்தியைக் கடமையாக விதித்திருப்பது திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டே நாள்களில். நோயுற்றோரை அக்கடமையும் கட்டுப்படுத்துவதில்லை. நாமோ நாற்பது நாளும் ஒருசந்தி என்று அறிவித்தோம். வீட்டார் வியந்தனர். பங்கு மக்கள் சிலர் எம் பக்தியைப் புகழ்ந்தனர். நாம் மறுக்கவில்லை. எம் நெஞ்சுக்கு மட்டும் உண்மை தெரியும். அது ஆண்டவருக்காக ஏற்ற நோன்பன்று. 92 என்று காட்டிய கருவிக்காக ஏற்ற நோன்பு. பயத்துக்குப் பக்தியின் அங்கியை உடுத்தியிருந்தோம்.

மார்ச்சு மாதத்தில் ஒரு விடியலில், வழக்கம்போலக் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். பல வாரங்களாகவே பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற மரமரப்பு. காந்தி சிலையருகே வந்தபோது கடலும் வானமும் ஒன்றாய்ச் சுழன்றன. கண் விழித்தபோது முன்பின் அறியாத இருவர் எம் தலையை மடியில் தாங்கியிருந்தனர்.

பரிசோதித்ததில் இரும்புச் சத்தும் பி12 சத்தும் வெகுவாகக் குறைந்திருந்தன. பி12 உடலில் சேரத் துணைபுரியும் பொருளைச் சுரப்பது இரைப்பை. அதில் பெரும்பகுதி இல்லாதவன் மாத்திரையையும் ஊசியையும் விட்டால் நரம்பு தளரும். தொடர்ந்து விட்டிருந்தால் நடையே போயிருக்கக்கூடும் என்றார்கள்.

பிறகு, ஒன்றரை ஆண்டு தப்பியோடிய மருத்துவரிடமே துணைவியார் எம்மைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். கடிந்துகொள்வார் என்று தலைகுனிந்து அமர்ந்தோம். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். "சார், நீங்க குறைச்சது 47 கிலோ. திரும்பி வந்தது 8. மீதி 39 கிலோ இன்னும் போனது போனதாவே இருக்கு. நீங்க எட்டை மட்டும் பாக்கறீங்க" என்றார். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கழித்தல் கணக்கு. ஒன்றரை ஆண்டாக எமக்கு அது தெரியவில்லை. அச்சம் கணக்கை மறக்கச் செய்துவிட்டது.

படுக்கையில் இருந்த நாள்களில் சிலவற்றைத் தேடிப் படித்தோம். சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கி, இத்தகைய அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். அவர்களுள் பைபாஸ் என்னும் முறையில் அறுவை செய்துகொண்டோர் முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் எடையில் 32 விழுக்காடு இழந்தனர். பத்தாம் ஆண்டில் அவ்விழப்பு 25 விழுக்காடாக நின்றது. அதாவது, கொஞ்சம் திரும்பி ஏறி, பிறகு நிலைத்தது. அறுவை செய்துகொள்ளாதவரைவிட இவர்களிடையே இறப்பும் குறைவு என்பதை 2007இல் வெளியிட்டனர். எம் அறுவை முறை வேறு. ஆயினும் எம் எட்டுக் கிலோ எம் ஒழுக்கத்தின் வீழ்ச்சியன்று, இவ்வழியில் நடந்தோர் பலருக்கும் நேர்ந்ததே என்று அறிந்தபோது கண்ணில் நீர் வந்தது.

இன்னொன்று. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரினால் பட்டினியுற்ற மக்களுக்கு எவ்வாறு உணவூட்டி மீட்பது என்று அறிவதே நோக்கம். மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தம் உடலை அதற்கு ஈந்தனர். ஆறு மாத அளவு அரை வயிற்று உணவில் எடையில் கால் பங்கை இழந்தனர். எந்நேரமும் உணவைப் பற்றியே பேசினர். கனவிலும் உணவே. சிலர் சமையற்குறிப்பு நூல்களைச் சேர்த்து வைத்து வாசித்தனர். பின்னர் உணவு தாராளமாகக் கிடைத்தபோதும், வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. அவர்கள் போசனப்பிரியர் அல்லர், பிறர் பசி தீரத் தாம் பசித்த நல்லோர். எடை இழந்த உடல் இழந்ததை மீட்கத் துடிக்கிறது. கொழுப்பு குறைந்தால் அதிலிருந்து சுரக்கும் லெப்டின் குறைகிறது, மூளை பசியை ஏவுகிறது. பஞ்சத்திலிருந்து நம்மைக் காக்கப் படைத்தவர் வைத்த காவலன் அப்பசி. காவலனைத்தான் நாம் கள்வன் என்று நினைத்திருந்தோம்.

அப்போது மணிமேகலைக் காப்பியத்தின் காயசண்டிகை நினைவுக்கு வந்தாள். முனிவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைக் காலால் சிதைத்ததால், அவருடைய சாபத்துக்கு ஆளாகி யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வருந்தியவள் அவள். மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட உணவால் அது தீர்ந்தது. எத்தனை ஆண்டுகள் வகுப்பில் அதனைப் பாடமாகச் சொல்லியிருக்கிறோம்! தீராப் பசியை நம் முன்னோர் நோய் என்றே அழைத்தனர். நோயுற்றவளைக் கண்டு மணிமேகலை நகைக்கவுமில்லை, அறிவுரை சொல்லவுமில்லை. அருகே சென்று உணவிட்டாள். பாடம் சொன்ன எமக்கு அது தைக்கவில்லை. எம் பசியை நாமே இகழ்ந்தோம்.

தவக்காலம் முடியுமுன் பங்குத் தந்தை எம்மைக் காண வீட்டுக்கு வந்தார். அவரிடம் அனைத்தையும் சொன்னோம், பாராட்டைத் திருடியதையும் சேர்த்து. சற்று நேரம் பேசாதிருந்தார். பின், "நோன்பு நம்மைக் கடவுள்கிட்டயும் பசிச்சவங்ககிட்டயும் கொண்டுபோய்ச் சேர்க்கணும், சார். உங்க நோன்பு உங்கள ஒரு மெஷின்கிட்ட கொண்டுபோய்ச் சேர்த்திருக்கு. மிச்சமிருக்கிற நாளுக்கு உங்களுக்கு ஒரே ஒரு ஒறுத்தல். நேரத்துக்குச் சாப்பிடுங்க. குடும்பத்தோட உட்கார்ந்து சாப்பிடுங்க" என்றார். எளிதென்று எண்ணினோம். பட்டினியைவிட அது கடினமாயிருந்தது.

அன்று முதல் கற்றுக்கொண்டவை சில. எடைக் கருவி துணைவியாரின் அலமாரியில் இருக்கிறது. ஞாயிறு காலை மட்டும் வெளியே வரும். நான்கு மணிப் பசி வந்தால் அதனிடமிருந்து ஓடுவதில்லை. நீ யார் என்று கேட்கிறோம். உண்டு நான்கு மணி நேரமாகியிருந்தால் அது வயிற்றின் பசி. அவித்த கொண்டைக்கடலையோ ஒரு முட்டையோ அதற்கு உரிய விடை. உண்டு ஒரு மணிதான் ஆகியிருக்கிறது, பள்ளியில் மனவருத்தம் நேர்ந்திருக்கிறது என்றால் அது மனத்தின் பசி. அதற்குச் சோறு விடையன்று. கடற்கரையில் ஒரு நடையோ, நண்பரிடம் ஒரு சொல்லோ வேண்டும். சில நாள் இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. அப்படிப்பட்ட நாளில் தவறாக உண்டுவிடுவதும் உண்டு. மறுநாள் அதற்காகப் பட்டினி கிடப்பதில்லை. காலை உணவை உண்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிறோம்.

மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுவை செய்துகொண்டோர் கூடுகிறோம். முதற்கூட்டத்தில் ஒரு தாய், அறுவைக்குப் பின் பதினான்கு கிலோ ஏறிவிட்டதைச் சொல்லி, "வெளியில யார்கிட்டயும் சொல்ல முடியல" என்று அழுதார். நாமும் எம் நள்ளிரவு முறுக்கைப் பற்றிச் சொன்னோம். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் நள்ளிரவை அவரவர் சொன்னார்கள். தனியே சுமந்தபோது மலையாயிருந்தது, பலர் நடுவே வைத்தபோது தூக்கக்கூடிய பாரமாயிற்று.

இதனைப் படித்து எவரும் அறுவையை எளிதென்று எண்ணிவிட வேண்டா. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் இத்தகைய அறுவைக்குச் சென்று உயிரிழந்த செய்தி நம் ஊரை உலுக்கியது. அந்த வாரம் எம் அன்னை எம் கையை விடவேயில்லை. அதுபோலவே, 2025இல் மவுஞ்சாரோ, வெகோவி என்னும் ஊசி மருந்துகள் நம் நாட்டுக்கு வந்துள்ளன. இவையும் பசியை அடக்குகின்றன. நிறுத்தினால் பெரும்பாலோர்க்குப் பசியும் எடையும் திரும்புகின்றன. கத்தியாயினும் ஊசியாயினும் நல்ல மருத்துவரின் மேற்பார்வையில், ஆயுள் முழுவதும் தொடரும் கவனிப்போடு ஏற்கவேண்டியவை. அவை எம்மைப் போன்றோர்க்குத் துணை செய்கின்றன. பசியில்லாத வாழ்வை எவையும் தருவதில்லை.

இப்போது எம் எடை 90க்கும் 91க்கும் இடையே நிற்கிறது. நாளை ஏறாது என்று உறுதி சொல்ல எம்மால் இயலாது. அச்சமும் முற்றிலும் போய்விடவில்லை. திருமண வீட்டுப் பந்தியில் அமரும்போது இன்னும் நெஞ்சு படபடக்கிறது. ஆனால் அது வரும்போது நாம் ஒளிவதில்லை. துணைவியாரிடம், "இன்னிக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். அவர் எம் இலையில் மீனை வைத்துச் சோற்றைக் குறைக்கிறார்.

சென்ற வாரம் மீன்கார அம்மாள் கூடையை இறக்கினார். "சார், உடம்பு தேறித்தான் இருக்கு" என்றார் மறுபடியும். "ஆமாம்மா, தேறியிருக்கு" என்றோம். அரைக் கிலோ சங்கரா வாங்கினோம். பகலில் அன்னை, துணைவியார், பிள்ளைகள் எல்லாரும் வட்டமாய் அமர்ந்தோம். உணவுக்கு முன் செபம் சொன்னோம். அன்னை எம் தட்டைப் பார்த்து, "இன்னும் ஒரு வாய், தம்பி" என்றார். போதும் என்றோம். அவர் முகம் வாடவில்லை. இரண்டு துண்டு மீனை அரை மணி நேரம் மென்று உண்டோம். நல்ல பசியோடு உண்டோம்.